மெய்நின்ற நாதரும் மெய்நிகர் உதவியாளரும்

கீரமங்கலத்தில் இருந்துகொண்டு, 'நான் ஒரு வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எதிராளியின் முகத்தில் முதலில் ஒரு குழப்பம், அப்புறம் ஓர் இரக்கம். "பரவாயில்ல தம்பி... சீக்கிரமே நல்ல வேலையா கெடைச்சிரும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்.

தமிழில் சொன்னால் மரியாதை கூடுமோ என்று, 'மெய்நிகர் உதவியாளர்' என்று டீக்கடையில் ஒருமுறை அறிவித்தேன். பெஞ்சில் இருந்த பெரியவர் சட்டென்று தோள்துண்டை இறக்கிக்கொண்டு, "கோயில்லயாப்பா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் சிவனுக்கு மெய்நின்ற நாதர் என்று பெயர். 81 அடி உயரத்தில் சிலையாகவும் நிற்கிறார். எதிரே அடக்கமான சைஸில் நக்கீரர். ஊருக்குக் கீரமங்கலம் என்று பெயர் வந்ததே அவரால்தான் என்பது எங்கள் நம்பிக்கை.

திருவிளையாடல் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பெரிய இடத்திலிருந்து வந்த டிராஃப்ட்டில் தப்பு இருக்கிறது என்று சபை நடுவில் சொல்லி, சூடுபட்டும் வாபஸ் வாங்காத ஆசாமி. எங்கள் தொழிலுக்குக் குலதெய்வம் என்று ஒன்று வேண்டுமானால் நான் அவரைத்தான் முன்மொழிவேன். (தினமும் கிளையன்ட்டின் இங்கிலீஷைத் திருத்துகிறவனுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.)

விஷயம் இதுதான். டொரான்டோவிலோ பாரிஸிலோ ஒருவர் கடை, கம்பெனி என்று ஏதோ நடத்துவார். அவருக்கு வரும் ஈ-மெயிலைப் பிரித்து அடுக்க, பில் அனுப்ப, பாக்கியை நயமாக ஞாபகப்படுத்த, அப்பாயின்ட்மென்ட் குறிக்க, அவர் பாஷை தெரியாதவர்களிடம் அவருக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும். அங்கேயே ஆள் வைத்தால் கட்டாது. கீரமங்கலத்தில் வைத்தால் கட்டும். வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்புவது போக மிச்ச நேரத்தில் அந்த ஆள் நான்.

தகுதி? பி.காம். பாஷைகளில் தமிழ் சொந்தம், ஆங்கிலம் இரவல். ஹிந்தி, பிரசார சபா பரீட்சைகளில் பிராத்மிக்கில் தொடங்கி ராஷ்ட்ரபாஷா வரை டியூஷன் திண்ணையில் தேற்றியது. மலாய், கோலாலம்பூரில் இருபது வருஷம் ஓட்டல் நடத்திவிட்டு வந்த சித்தப்பாவின் உபயம். அதில் பாதி, பெண்கள் முன்னால் பேசக்கூடாத மலாய்.

பெண் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்குப் பெண் பார்த்தபோது நடந்த நேர்முகத் தேர்வை அப்படியே தருகிறேன்.

"ஆபீஸ் எங்க தம்பி?"

"வீட்லதாங்க."

"மொதலாளி?"

"கனடாவுல இருக்காரு."

"நேர்ல பாத்திருக்கீகளா?"

"வீடியோவுல பாத்திருக்கேன்."

பெரியவர் நீண்ட நேரம் ஃபேனைப் பார்த்தார். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோகோ கம்பெனி 2011-ல் ஆபீஸ் திறந்த பிறகு, கிராமத்திலும் கம்ப்யூட்டர் வேலை உண்டு என்று நம் ஜனங்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் ஒரு கட்டடம் வேண்டும். போர்டு வேண்டும். வாசலில் வாட்ச்மேன் இருந்தால் விசேஷம். என்னிடம் இருந்தது ஒரு லேப்டாப், ஒரு இன்வெர்ட்டர். அவர் சம்மதிக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. இப்போது உறவில் யார் கேட்டாலும், "மாப்ள ஃபாரின் கம்பெனி" என்கிறார். கூடவே, "நைட் டூட்டி" என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொள்கிறார்.

இத்தனைக்கும் இது ஒன்றும் நேற்று முளைத்த தொழில் இல்லை சார். முந்நூறு வருஷம் முன்பே இந்தக் கடற்கரையில் கொடிகட்டிப் பறந்த வேலை. அப்போது பெயர் துபாஷி. இரண்டு பாஷைக்காரன் என்று அர்த்தம். சென்னையில் பச்சையப்பன் காலேஜ் வாசலில் பஸ் ஏறியிருப்பீர்கள். அந்தப் பச்சையப்ப முதலியார் ஒரு துபாஷி. 1794-ல் நாற்பது வயதில் இறந்தார். அதற்குள் அவர் சேர்த்த சொத்துதான் கோயில் கட்டளைகளாகவும் பள்ளிக்கூடமாகவும் காலேஜாகவும் ஆனது. நாற்பதை நெருங்கும் நான், இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்ற தவணைத் திட்டம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வர்க்கத்தின் சூப்பர் ஸ்டார் என்றால் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். கவர்னர் டூப்ளேயின் தலைமை துபாஷி. பிரெஞ்சுக்காரர் என்ன சொன்னார், அதை இவர் நவாப் ஆட்களிடம் எப்படிச் சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள், அதில் எது பொய் என்று 1736 செப்டம்பரிலிருந்து டைரி எழுத ஆரம்பித்தார். எழுதியது அடுத்த நூற்றாண்டில்தான் வெளியே தெரிந்தது. சென்னை அரசாங்கம் அதை ஆங்கிலத்தில் போட்டபோது பன்னிரண்டு வால்யூம் வந்தது. கவர்னர் உத்தரவைப் பார்த்துப் பிரெஞ்சு சரித்திரம் எழுதலாம். கவர்னருக்கு அன்றைக்கு மூடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் பிள்ளையைத்தான் புரட்ட வேண்டும். நல்ல அசிஸ்டென்ட்டுக்கு அது தெரியும்.

அவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. மேடம் டூப்ளே. புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி, அதனால் தமிழ் தெரியும். நடுவில் துபாஷி எதற்கு என்று தானே ஆட்களை வைத்துப் பேசி, கடிதம் அனுப்பி, காரியம் செய்துகொள்ள ஆரம்பித்தார். டைரியில் அந்த அம்மாளைப் பற்றிப் பிள்ளை எழுதியிருக்கும் இடங்களில் காகிதமே புகைகிறது. மூலம் வேறு, நியாயம் வேறு ஆயிரம் இருக்கலாம். ஆனால் அந்த வயிற்றெரிச்சலின் டெக்னிக்கல் காரணம் எனக்குச் சுத்தமாகப் புரிகிறது. முதலாளி வீட்டுக்குள்ளேயே இன்னொரு மொழிபெயர்ப்பு வழி திறந்துவிட்டால் துபாஷியின் கதி என்ன?

எங்கள் தலைமுறைக்கு மேடம் டூப்ளே 2022 நவம்பரில் வந்தார். பெயர் சாட்ஜிபிடி.

கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-ல் தமிழ் சேர்ந்தபோது, நாங்கள் நாலு பேர் சேர்ந்து அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு இப்போது நின்றுவிட்டது. நேர்மையாகச் சொல்வதானால், சாதாரணக் கடிதத்தை மெஷின் என்னைவிட வேகமாக, பல சமயம் என்னைவிட நன்றாகவே பெயர்க்கிறது. தலைவலி என்று லீவு போடுவதில்லை. நியூஜெர்ஸியில் யோகா ஸ்டூடியோ நடத்தும் அம்மணி எனக்கு மாதம் நாற்பது மணி நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார். அது முப்பதாகி, இருபதாகி, பன்னிரண்டில் வந்து நின்றது. ஒருநாள் மிக நாகரிகமாக ஒரு மெயில். 'மொழிபெயர்ப்புக்கு இனி ஆள் தேவைப்படாது என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?'

என்ன நினைப்பேன்? ஸ்கூல் ஃபீஸ் பற்றி நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குத்துவிளக்கு விவகாரம் வந்தது. ஸ்டூடியோவின் புதுக் கிளை திறப்பு விழாவுக்கு அறுபது சின்னக் குத்துவிளக்குகள் வேண்டும். கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலில் ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்திருந்தார். மெஷின் துணையோடு அவரே நேரடியாக. பட்டறைக்காரர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அதுக்கென்னம்மா, செஞ்சுடலாம், கவலையே படாதீங்க." மெஷின் அதை அட்சரம் பிசகாமல் ஆங்கிலமாக்கியது. அம்மணி சந்தோஷமாகி அழைப்பிதழ் அனுப்பிவிட்டார். கடைசியில் கூரியர் ஏற்பாடு மட்டும் பார்க்கச் சொல்லி, அந்த மெசேஜை எனக்குத் தள்ளிவிட்டார்.

கேட்டேன். வயிற்றில் புளியைக் கரைத்தது.

தமிழ் தெரிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'செஞ்சுர்றேன்' என்றால் செய்கிறார். 'செஞ்சு வெச்சிருக்கேன்' என்றால் செய்துகொண்டிருக்கிறார். 'செஞ்சுடலாம்' என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதோடு 'கவலையே படாதீங்க'வும் சேர்ந்தால் கவலைப்பட ஆரம்பிக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. கடல் கடந்து வந்த பெரிய ஆர்டர், அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளை கேட்கிறது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. அவ்வளவுதான். இதை ஆங்கிலத்தில் ஒரே வார்த்தையில் சொல்வதானால் 'நோ'.

போன் போட்டேன். விளக்கைப் பற்றி எடுத்தவுடன் கேட்கக் கூடாது. அது துபாஷி தர்மம். "அண்ணே, அங்க மழை எப்படி?" என்றேன். மனுஷர் அணை உடைந்த மாதிரிக் கொட்டிவிட்டார். ஐப்பசி மழை விடவில்லை, வார்ப்பு அச்சுக்கான மண் காயவில்லை, கடைசல் பிடிக்கிற பையன் தீபாவளிக்குப் போனவன் திரும்பவில்லை. "அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாரமா தூக்கமில்ல தம்பி." சரி, எத்தனை முடியும்? இருபது. நிச்சயமாகவா? "இருபது செஞ்சுர்றேன்." கவனியுங்கள், 'றேன்'!

அம்மணிக்கு எழுதினேன். இருபது விளக்குகள் குறித்த நாளில் வரும், மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாற்பதும் தை மாதம், விருந்தினர்களுக்குப் பிறகு தபாலில் அனுப்பலாம். அப்படியே நடந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி: "இரண்டு செய்திக்கும் ஒரே ஆங்கிலம்தானே வருகிறது, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" பதிலுக்கு ஒரு பக்கம் எழுதினேன். அதற்கும் பில் போட்டேன். பன்னிரண்டு மணி நேரம் இப்போது முப்பதாகியிருக்கிறது. நாளைக்கு மெஷினும் 'லாம்' 'றேன்' வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளலாம். மழை எப்படி என்று முதலில் விசாரிக்கக் கற்றுக்கொள்ளும்வரை எனக்கு அரிசி உண்டு.

தமிழிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. டொரான்டோ கிளையன்ட் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் 'கெதியா' என்றால் சீக்கிரம். 'பேந்து கதைப்பம்' என்றால் அப்புறம் பேசுவோம். 'வடிவாப் பாருங்கோ' என்றால் அழகை ரசிக்கச் சொல்லவில்லை, ஒழுங்காகச் சரிபார்க்கச் சொல்கிறார். என் லீவில் எனக்குப் பதிலாக உட்கார்ந்த நண்பனுக்கு, 'ஆறுதலாச் செய்யுங்கோ' என்று ஒரு மெசேஜ் வந்தது. அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்று பொருள். பயல் பதறிப்போய், "ஐயோ, யார் சார் தவறிட்டாங்க?" என்று பதில் போட்டுவிட்டான்.

நேரக் கணக்கு தனி ரோதனை. சிங்கப்பூரில் காலை ஒன்பது என்றால் இங்கே ஆறரை. பாரிஸில் காலை ஒன்பது, குளிர்காலத்தில், இங்கே பகல் ஒன்றரை. டொரான்டோவில் காலை ஒன்பது, இங்கே ராத்திரி ஏழரை. மூன்று பேருமே 'குட்மார்னிங்' சொல்வார்கள். மார்ச்சில் அமெரிக்கா, கனடாக்காரர்கள் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். ஐரோப்பாக்காரர்கள் கடைசி ஞாயிறுவரை தள்ள மாட்டார்கள். நடுவே அந்த இரண்டு மூன்று வாரம் உலகம் பூராவும் மீட்டிங்குக்கு லேட்டாக வரும். நாம் மட்டும் யாருக்கும் அசையாமல் ஐந்தரையில் நிற்கிறோம். மெய்நின்ற நாதர் மாதிரி.

கஜா புயல் கதையை எங்கள் ஊர்க்காரன் எவனும் சொல்லாமல் விட மாட்டான். 2018 நவம்பர் 16. ஒரே ராத்திரியில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. தண்ணீர்த் தொட்டி நிரப்ப வந்த ஜெனரேட்டரில் செல்லுக்குச் சார்ஜ் போட்டு, நாலு வரியில் எல்லா கிளையன்ட்டுக்கும் தகவல் சொன்னேன். ஜெர்மனிக்காரர் ஒருவரிடமிருந்து உடனே பதில். 'வருந்துகிறேன். மின்சாரம் எத்தனை மணிக்குத் திரும்பும்?' மனுஷர் கிண்டல் செய்யவில்லை. அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். திருச்சிக்குப் பஸ் ஏறி, லாட்ஜில் ரூம் போட்டு வேலையை முடித்தேன். லாட்ஜ் வாடகை போக மிஞ்சியது திரும்பி வரப் பஸ் சார்ஜ்.

காசு விஷயத்துக்கு வருவோம், ஆபீஸ் நண்பர்கள் அதற்காகத்தான் இவ்வளவு தூரம் படித்திருப்பீர்கள். கீரமங்கலத்தில் விடிந்தால் பூ மார்க்கெட். மல்லிகை, முல்லை, சம்பங்கி, காக்கரட்டான் எல்லாம் கமிஷன் கடைக்கு வரும். விலை சொல்வது பறித்தவன் இல்லை. முகூர்த்த நாளில் ஏறும், முகூர்த்தம் இல்லாத நாளில் குப்பைக்குப் போகும். இன்டர்நெட்டில் வேலை பிடித்துத் தரும் தளங்களும் அதே கமிஷன் கடைதான். ஃபைவர் நூற்றுக்கு இருபது எடுத்துக்கொள்கிறது. சம்பாதித்த பிறகு எடுப்பதால் அதையாவது நியாயம் என்று சொல்லலாம்.

சம்பாதிக்கும் முன்னாலேயே 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று பணம் கேட்பவன் வேறு ரகம். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்ற விளம்பரத்தை நம்பி ஆறாயிரம் கட்டினான். ராப்பகலாக டைப் அடித்தான். வேலையில் பிழை அதிகம், ஒப்பந்தப்படி நஷ்டஈடு கட்டு, இல்லாவிட்டால் கோர்ட் என்று 'வக்கீல் நோட்டீஸ்' வந்தது. அம்மாவின் தோட்டை வைக்கக் கிளம்பியவனை வழியில் பிடித்தேன். நோட்டீஸில் வக்கீலின் கையெழுத்து இருந்தது, பதிவு எண் இல்லை. நேராக 1930-க்குப் போன் போடவைத்தேன். சைபர் புகாருக்கான அரசாங்க நம்பர் அது, குறித்துக்கொள்ளுங்கள். வேலை கொடுக்கிறவன் உங்களுக்குத்தான் பணம் தருவான்.

வரும் பணத்துக்குப் பாங்க்கில் 'பர்பஸ் கோட்' சொல்ல வேண்டும், ரிசர்வ் பாங்க் விதி. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பணம் என்றால் ஒரே பர்பஸ்தான். "சிங்கப்பூர்ல யாரு, அண்ணனா?" "கிளையன்ட் மேடம்." "அப்ப அண்ணன் எங்க இருக்காரு?" பி.காம். படித்தவனுக்கு இன்னொரு தமாஷும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தில் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஏற்றுமதி, வரி பூஜ்யம். ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் வியாபாரம் முடித்துவைக்கும் 'இடைத்தரகர்' என்று பெயர் வாங்கிவிட்டால் ஏற்றுமதி ஆகாது என்று 2017 சட்டத்தில் ஒரு கொக்கி. அதை எடுத்துவிடலாம் என்று 2025 செப்டம்பரில் கவுன்சில் பரிந்துரைத்தது. வருஷத்துக்கு இருபது லட்சம் பில் போடுகிறவர்களின் கவலை அது. நான் நிம்மதியாகத் தூங்குகிறேன், பகலில்.

அமெரிக்காவில் ஏ.ஜே. ஜேகப்ஸ் என்ற எழுத்தாளர் 2005-ல் ஒரு வேடிக்கை செய்தார். பெங்களூரில் இரண்டு அசிஸ்டென்ட்டுகளை அமர்த்தி, தன் வாழ்க்கையையே அவர்களிடம் ஒப்படைத்து, எஸ்கொயர் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ஆபீஸ் வேலையில் ஆரம்பித்து, மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதுவரை பெங்களூர்தான் பார்த்துக்கொண்டது. அவருக்காகக் கவலைப்படுவதைக்கூட அவர்களிடமே விட்டுவிட்டாராம். படித்தபோது ரொம்பச் சிரித்தேன்.

போன வருஷம் டொரான்டோக்காரர் தயங்கித் தயங்கி ஒரு வேலை சொன்னார். அவர் அப்பா கொக்குவிலில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிட்டு மருந்து எடுத்தாரா, சாப்பிட்டாரா என்று பதினைந்து நிமிஷம் பேச வேண்டும். "நான் எடுத்தா ரெண்டு நிமிஷத்திலை வைச்சிடுறார். நானும் அவசரத்திலைதான் எடுக்கிறன்." மணிக்கணக்கில் பில்லில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். காக்கா பறக்கிற கணக்கில் எங்கள் ஊருக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் கிட்டே. கடிகாரமும் ஒன்றே. கூப்பிட்டேன். முதல் வாரம் மழை பற்றிப் பேசினோம். இரண்டாம் வாரம் எங்கள் ஊர் வெற்றிலை பற்றிக் கேட்டார். ஐந்தாறு வாரத்தில் பதினைந்து நிமிஷம் நாற்பதாகிவிட்டது. பில்லில் நான் பதினைந்துதான் போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக, "தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லும். இதுக்கு மோன் உமக்குக் காசு தாறானோ?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "ஓம் ஐயா" என்றேன்.

"எவ்வளவு?"

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெரியவர் வருத்தப்பட்டுவிட்டாரோ என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"காணாது" என்றார். "கூடக் கேளும்."